தோற்றால் பேசத்தான் வேண்டும்

ஆட்டம் முடிந்த கையோடு கேப்டனையும் கோச்சையும் மைக் முன்னால் உட்கார வைப்பது ஒரு வக்கிரம், அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் பித்துப் பிடித்த நண்பர்கள் சிலர் அதை எனக்கு அனுப்பி, "சரியாத்தானே சொல்றார்?" என்றும் கேட்டிருந்தார்கள். சரியாகச் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதியிருக்கிறார், அதனால் வழுக்கிக்கொண்டு போகிறது. நின்று வரிவரியாகத் தட்டிப் பார்த்தால் உள்ளே சரக்கு இல்லை.

அவர் சொல்வது இவ்வளவுதான். வென்றவரும் தோற்றவரும் ஒரே தேய்ந்த வசனத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள். உண்மையான அலசல் டிரெஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது, வெளியே நடப்பது கூத்து. தோல்வியில் நொந்திருப்பவரைக் குடைவது மனிதாபிமானமற்ற செயல். ரசிகனுக்கு ஸ்கோர் கார்டு போதும், மீதி அவன் வேலை இல்லை. கடைசியில் ஒரு மாற்று யோசனையும் வைத்திருக்கிறார்: ஒரு நாள் ஆறப்போட்டு, அணி நிர்வாகம் எழுத்தில் ஓர் அறிக்கை கொடுத்தால் போதுமாம்.

அவருடைய பிரம்மாஸ்திரம் அடிலெய்டு. 2020 டிசம்பர் 19 அன்று இந்திய அணி 36 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்ட்டில் நம் அணி எடுத்த ஆகக் குறைந்த ஸ்கோர் அது. கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்ப வேண்டும், ஷமிக்குக் கை முறிவு. அந்த அணிதான் மெல்போர்னில் வென்று, சிட்னியில் டிரா செய்து, 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேன் காபாவில் 328 ரன் இலக்கை எட்டித் தொடரை 2-1 என்று தட்டிக்கொண்டு வந்தது. 1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட் தோற்றதே இல்லை. "இந்த மறுபிறப்பு எந்தப் பிரஸ் மீட்டிலும் நிகழவில்லை, 36-க்கு அவுட் ஆன இரவு நடந்த மூடிய அறைக் கூட்டத்தில்தான் நிகழ்ந்தது" என்று முழங்குகிறார் கட்டுரையாளர்.

ஐயா, மூடிய அறையில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டீர்களா?

அந்த நள்ளிரவுக் கூட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது அன்றைய ஃபீல்டிங் கோச் ஆர். ஸ்ரீதர் வெளியே வந்து பேசியதால். அஸ்வினின் யூடியூப் சேனலில் உட்கார்ந்து அவரே விவரித்தார். கோலி கூப்பிட்டது, கோச் சாஸ்திரியும் ரஹானேயும் சேர்ந்துகொண்டது, பேட்ஸ்மேன் போகிற இடத்துக்கு ஜடேஜாவைக் கொண்டுவந்து பந்துவீச்சைப் பலப்படுத்துவது என்ற விசித்திர முடிவு, இந்த 36-ஐ மறைக்காமல் நெஞ்சில் குத்திக்கொள்ளுங்கள் என்று சாஸ்திரி சொன்னது, எல்லாம். ஆட்டத்துக்குப் பிந்தைய பேச்சு தேவையே இல்லை என்று நிறுவ, ஆட்டத்துக்குப் பிந்தைய பேச்சிலிருந்தே ஆதாரம் எடுத்திருக்கிறார் நம்மவர். அது மட்டுமல்ல. அதே அடிலெய்டு மாலையில் கோலி முதலில் வெளியேதான் வந்தார். இதைவிட மோசமாக நாங்கள் சரிந்ததில்லை, ரன் எடுக்கும் முனைப்பே இல்லாமல் ஆடினோம் என்ற பொருளில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் உள்ளே போனார். ஊர் முன்னால் ஒத்துக்கொண்டவர் அறைக்குள் போய் வேறு கதை பேச முடியாது. வெளியே சொன்னதும் உள்ளே முடிவெடுத்ததும் ஒரே நூலின் இரு முனைகள். கட்டுரையாளர் நடுவில் கத்தரித்து ஒன்றுக்குக் கூத்து, மற்றதற்கு உண்மை என்று பெயர் வைக்கிறார்.

மூடிய அறை என்று ஒன்று உண்டு என்று நம்புவதே வெள்ளந்தித்தனம். 1933 ஜனவரி, அதே அடிலெய்டு. பாடிலைன் தொடர். லார்வுட் பந்து நெஞ்சில் பட்டு வந்து படுத்திருந்த ஆஸ்திரேலியக் கேப்டன் உட்ஃபுல், ஆறுதல் சொல்ல வந்த இங்கிலாந்து மேனேஜர் பெல்ஹாம் வார்னரிடம், களத்தில் இரண்டு அணிகள் இருக்கின்றன, ஒன்றுதான் கிரிக்கெட் ஆடுகிறது என்ற பொருளில் சுருக்கென்று சொன்னார். டிரெஸ்ஸிங் ரூமுக்குள் சொன்ன பேச்சு. பத்திரிகைக்குப் போட்டுக் கொடுத்தது யார் என்று அதே அணியிலிருந்த ஃபிங்கிள்டன் பிராட்மேனைக் கைகாட்ட, பிராட்மேன் ஃபிங்கிள்டனைக் கைகாட்ட, அந்தப் பகை அவர்கள் காலம் முழுக்கத் தீரவில்லை. இதோடு 2008 ஜனவரியை வைத்துப் பாருங்கள். சிட்னி டெஸ்ட், நடுவர் பிழைகள், ஹர்பஜன் மேல் இனவெறிப் புகார். இந்தியக் கேப்டன் கும்ப்ளே பிரஸ் மீட்டுக்கு வந்து, ஓர் அணிதான் ஆட்டத்தின் மாண்போடு ஆடியது என்று தன் பெயரில், தன் வாயால் சொன்னார். கிட்டத்தட்ட உட்ஃபுல்லின் அதே வாக்கியம். கசிய விட்டவர் யார் என்ற ஆராய்ச்சி இல்லை, சக ஆட்டக்காரர் மேல் சந்தேகம் இல்லை. சொன்னவர் கும்ப்ளே, பதில் சொல்ல வேண்டியவர் ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங், அவ்வளவுதான்.

நேற்றைய கதையும் அதுதான். 2024 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் தோற்றதும் கோச் கம்பீர் அணியினரைக் காய்ச்சி எடுத்தார் என்று செய்தி கசிந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்று சிட்னியில் கம்பீரே வருத்தத்தோடு சொல்ல நேர்ந்தது. வாசலைப் பூட்டினால் பேச்சு நிற்காது. ஜன்னல் வழியாகப் பெயரில்லாமல் போகும். கட்டுரையாளர் கேட்பது அதைத்தான், தெரிந்து கேட்கிறாரா தெரியாமல் கேட்கிறாரா என்பதுதான் புலப்படவில்லை.

தேய்ந்த வசனம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பாதி உண்மை. "பத்து இருபது ரன் குறைவாக எடுத்துவிட்டோம்", "பாசிட்டிவான விஷயங்களை எடுத்துக்கொள்கிறோம்", "பசங்க நல்லா முயற்சி செய்தார்கள்" இவையெல்லாம் காது புளித்தவை. ஆனால் அந்தப் பதில்களுக்கு முன்னால் போடப்படும் கேள்வியையும் கொஞ்சம் கேளுங்கள். "இந்தத் தோல்வியை எப்படி உணர்கிறீர்கள்?" இதற்கு உலகத்தில் எவர் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? இட்லி மாவை ஊற்றிவிட்டு, ஏன் தோசை வரவில்லை என்று கேட்கிற கதை. மந்தமான கேள்விக்கு நிருபரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

கேள்வி சரியாக இருந்தபோது என்ன நடந்தது என்று சேப்பாக்கத்தைப் பாருங்கள். 2025 மார்ச் 28. ஆர்சிபி அணி 2008-க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவை வென்றது, அதுவும் 50 ரன் வித்தியாசத்தில். தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார், அஸ்வினுக்கும் பின்னால். மறுநாள் டீக்கடை தொடங்கி தொலைக்காட்சி வரை ஒரே பஞ்சாயத்து. ஆனால் அன்றிரவே கோச் ஃப்ளெமிங் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லியிருந்தார்: சேப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த மண் சாதகம் என்று எதுவும் இல்லை, கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பிட்சை எங்களால் கணிக்க முடியவில்லை, நாலு சுழலரை இறக்கி எதிரணியை முடக்கிய பழைய சேப்பாக்கம் இது இல்லை. சிஎஸ்கேவின் ஏலத் திட்டமே சுழலை நம்பிப் போடப்பட்டது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது சாதாரண வாக்குமூலமா? ஆடும் பாணி பழசாகிவிட்டதா என்று கேட்டபோது ஃப்ளெமிங் எரிச்சலடைந்தார் என்பதும் உண்மை. அடையட்டுமே. எரிச்சலிலும் ஒரு பதில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து கவுகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. அங்கேயும் தோனி பற்றித்தான் கேள்வி. ஃப்ளெமிங் சுற்றி வளைக்கவில்லை. அவருடைய உடம்பும் முழங்காலும் முன்பு போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது, எப்போது இறங்கினால் அணிக்கு உபயோகம் என்று அன்றன்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார் என்றார். "தல வேண்டுமென்றே பின்னால் ஒளிகிறார்" என்று ஒரு கோஷ்டியும் "அது மாஸ்டர் பிளான்" என்று இன்னொரு கோஷ்டியும் அடித்துக்கொண்டிருந்த சண்டைக்கு, மனிதனின் முழங்கால்தான் விடை என்று ஒரு கோச் சொல்லிவிட்டுப் போனார். அந்த சீசனில் சிஎஸ்கே முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அதை ஸ்கோர் கார்டில் பார்க்கலாம். ஏன் என்பதை அந்த இரண்டு இரவுப் பேச்சில்தான் கேட்க முடியும்.

ஸ்கோர் கார்டு போதும் என்கிறவர் 2024 அக்டோபர் 17-ன் ஸ்கோர் கார்டை எடுத்துக்கொள்ளட்டும். பெங்களூரு, நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 46 ஆல் அவுட். சொந்த மண்ணில் நம் ஆகக் குறைந்த ஸ்கோர். மேகம் மூடிய காலையில் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தது அறிவீனமா, மேலிடத்து முடிவா, பிட்ச் ஏமாற்றியதா? அட்டையில் இருக்காது. அன்று மாலை கேப்டன் ரோகித் வந்து, பிட்சை நான்தான் தவறாகக் கணித்தேன், முடிவு என்னுடையது என்றார். மும்பை டெஸ்டும் தோற்று 0-3 என்று தொடர் போனபோது, கேப்டனாகவும் பேட்ஸ்மேனாகவும் நான் சரியாக இல்லை என்றார். இரண்டு மாதம் கழித்து சிட்னியில் அவர் அணியிலிருந்து ஒதுங்கி நின்றதற்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதை வாசகரே எடைபோடலாம். எடைபோடக் கையில் ஏதாவது இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

இன்னும் கூர்மையான உதாரணம் ஈடன் கார்டன்ஸ், 2025 நவம்பர். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வெறும் 124 ரன் இலக்கு. இந்தியா 93-ல் முடிந்தது. எல்லோரும் பிட்ச் போட்டவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பீர் வந்து, நாங்கள் கேட்ட பிட்ச் இதுதான், இதில் பேய் பிசாசு எதுவும் இல்லை, ஆடத் தெரியவில்லை என்றால் இப்படித்தான் ஆகும் என்றார். எனக்கு கம்பீரின் தோரணை பிடிக்காது, அது வேறு. ஆனால் அந்த ஒரு பதிலால் பிட்ச் போட்ட ஊழியர் தலை தப்பியது, பொறுப்பு உரிய தோளில் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரம் கவுகாத்தியில் 408 ரன்னில் தோற்றோம். ரன் கணக்கில் நம் டெஸ்ட் வரலாற்றின் மிகப் பெரிய தோல்வி. கேட்டு வாங்கிய பிட்சிலும் தோல்வி, கேட்காத பிட்சிலும் தோல்வி என்று நாம் இன்று ஒரு கோச்சைக் கேள்வி கேட்க முடிகிறது என்றால், முதல் தோல்வியின்போது அவர் வாயைத் திறந்ததால்தான். கட்டுரையாளரின் திட்டப்படி அன்று அவர் பஸ் ஏறிப் போயிருப்பார். பிட்ச் போட்டவர் பலியாகியிருப்பார்.

இனி, மனிதாபிமானம். நவோமி ஒசாகாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறார். 2021 பிரெஞ்ச் ஓபனில் அவர் பிரஸ் மீட்டுக்கு வர மறுத்து, 15,000 டாலர் அபராதம் கட்டி, பிறகு போட்டியிலிருந்தே விலகினார். அவருக்கு நடந்ததில் டென்னிஸ் நிர்வாகிகள் காட்டிய மரத்தனத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் விலகும்போது ஒசாகா எழுதியதை இவர் முழுதாகப் படித்தாரா? தான் புண்படுத்தியிருக்கக்கூடிய நிருபர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆட்டக்காரர், பத்திரிகை, ரசிகர் மூவருக்கும் இதை எப்படி நல்லபடி ஆக்கலாம் என்று பின்னால் பேச விரும்புவதாகச் சொன்னார். ஒழியுங்கள் என்று சொல்லவில்லை. தனியாக நிற்கும் ஒரு டென்னிஸ் ஆட்டக்காரரின் வலியை எடுத்து, பதினொரு பேரும் அரை டஜன் கோச்களும் உள்ள அணிக்குக் கேடயமாகப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? அணியில் ஒருவர் நொறுங்கிப் போயிருந்தால் இன்னொருவர் வருவார். வரவும் செய்கிறார்கள்.

மனசு என்று பேச ஆரம்பித்ததால் இதையும் கேளுங்கள். 2025 மகளிர் உலகக் கோப்பை. இந்தூரில் இங்கிலாந்திடம் 4 ரன்னில் தோல்வி, தொடர்ந்து மூன்றாவது. ஸ்மிருதி மந்தனா அன்று 88 அடித்திருந்தார். நல்ல ஸ்கோர், நழுவிக்கொள்ளலாம். அவரோ, சரிவு என் ஷாட்டில்தான் தொடங்கியது, பழியை நானே ஏற்கிறேன் என்றார். அந்த ஆட்டத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ், அக்டோபர் 30 அன்று அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 339 ரன் இலக்கைத் துரத்தி 127 நாட் அவுட். ஆட்டம் முடிந்து பேச உட்கார்ந்தவர், போட்டி தொடங்கியதிலிருந்து பதற்றத்தால் தவித்ததையும் நாள் தவறாமல் அழுததையும் அழுதுகொண்டே சொன்னார். இதே மாதிரி தவிக்கிற யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன் என்றார். எத்தனை பெண் பிள்ளைகள் அதைக் கேட்டார்களோ. கட்டுரையாளரின் கருணை சட்டமாகியிருந்தால் அந்த மைக் அங்கே இருந்திருக்காது. 

தோனியின் மௌனம் பற்றி இவர் உருகியிருக்கும் பத்தியைப் படித்துச் சிரித்தேன். 2014 டிசம்பர் 30, மெல்போர்ன். தோனி டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றதை பிசிசிஐ அறிக்கைதான் சொன்னது, அவர் ஒரு சொல் பேசவில்லையாம். அன்று ஆட்டம் முடிந்ததும் தோனி பிரஸ் மீட்டுக்கு வந்தார், ஆட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்கு வழக்கம்போல் பதில் சொன்னார், ஓய்வை மட்டும் சொல்லவில்லை. சொந்த முடிவைத் தனக்குள் வைத்துக்கொண்டார், அணியின் ஆட்டத்துக்குப் பதில் சொன்னார். இந்த வித்தியாசம் தோனிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பக்தருக்குத் தெரியவில்லை.

பேட்டியில் பேசினால் உத்தி எதிரணிக்குத் தெரிந்துவிடும் என்று போகிற போக்கில் அவர் வைக்கும் வாதத்துக்கு ஒரு வரி போதும். பந்துக்குப் பந்து வீடியோவை வைத்துப் பிரிக்கும் ஆட்கள் ஒவ்வொரு அணியிலும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள்.

அவர் கவனிக்காதது வேறு. பேட்டிகள் நின்றால் அமைதி வராது, அணியின் சொந்தக் கேமரா வரும். 2023 உலகக் கோப்பையில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் டிரெஸ்ஸிங் ரூமில் சிறந்த ஃபீல்டருக்குப் பதக்கம் கொடுக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நானும் ரசித்தேன், கலகலப்பாக இருந்தது. ஆனால் அதை எடுத்ததும் வெட்டியதும் ஒட்டியதும் வாரியம். அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் கடைசி 40 ஓவரில் நாலே நாலு பவுண்டரி ஏன் என்று அந்த வீடியோவில் யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்டது பிரஸ் மீட்டில். பயந்து ஆடினீர்களா என்று கேட்டபோது அன்றைய கோச் திராவிட் மறுத்தார், முதல் பத்து ஓவரில் 80 எடுத்தோமே என்றார், முப்பது நாற்பது ரன் குறைவு என்றார். அவர் பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மறுக்க எனக்கு ஒரு பதிலாவது கிடைத்தது.

மிச்சம் இருப்பது அந்த எழுத்து அறிக்கை யோசனை. ஒரு நாள் ஆறப்போட்டு, நிதானமாக, பொறுப்பாக. கேட்க இனிமையாக இருக்கிறது. 2018 மார்ச் 24, கேப் டவுன். பேன்கிராஃப்ட் பந்தில் எதையோ தேய்த்தது கேமராவில் மாட்டியது. அன்றைய ஆட்டம் முடிந்ததும் ஸ்மித்தும் பேன்கிராஃப்ட்டும் பிரஸ் மீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். ஒட்டுநாடாவில் மண் ஒட்டித் தேய்த்தேன் என்று பேன்கிராஃப்ட் சொன்னார். பொய். அது உப்புத்தாள் என்பது சில நாளில் விசாரணையில் வெளிவந்தது. பதிவில் இருந்த பொய் என்பதால் மறைக்கவும் முடியவில்லை. ஸ்மித் இன்னொன்றைச் சொன்னார்: மதிய உணவு இடைவேளையில் பேசினோம், அணியின் தலைமைக் குழுவுக்கு இது தெரியும். கேட்ட நிமிஷத்தில் விவகாரம் ஒரு சின்னப் பையனின் குறும்பிலிருந்து கேப்டனின் சதியாக மாறியது. ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, பேன்கிராஃப்ட்டுக்கு ஒன்பது மாதம், கோச் லேமன் ராஜினாமா. ஒரு நாள் ஆறப்போட்டு, வாரியத்தின் வக்கீல் படித்துத் திருத்திய அறிக்கையாக அது வந்திருந்தால், தலைமைக் குழு பற்றிய அந்த வரியை எந்த வக்கீல் அடிக்காமல் விட்டிருப்பார்? பேன்கிராஃப்ட் ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போயிருப்பார்.